அவையச்சமும் குழுவாய் உரைத்தலும்

எட்டயபுரம் என்றவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் முதலில் எழுவது ஓர் அவைக்களம். 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் அவ்வூரில் பிறந்த சுப்பிரமணியன், பதினோராம் அகவையில் அரண்மனைப் புலவர் அவையிலே ஆய்ந்து பார்க்கப்பெற்றுப் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். படித்ததோடு ஓர் எண்ணமும் நம்முள் குடிபுகுந்துவிடுகிறது. அவையில் பேசும் ஆற்றல் சிலர்க்குப் பிறவியிலேயே வாய்க்கிறது, அவர்கள் எழுந்து நின்றால் சொல் தானே வரிசையாக வந்து நிற்கும், நமக்கு அது வாய்க்கவில்லை என்பதே அவ்வெண்ணம். கருத்தரங்க வகுப்பில் தம் பெயர் அழைக்கப்படும் நாளில் மட்டும் காய்ச்சல் காணும் மாணவர் எத்தனை பேர் என்பதை வருகைப் பதிவேடு அறியும்.

அதே ஊரின் அவையைப் பற்றி, பாரதியாருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட மரபுச் செய்தி ஒன்றும் உண்டு. எட்டயபுர அரசவையில் புலவராக வீற்றிருந்தவர் கடிகைமுத்துப் புலவர். அவரிடம் தமிழ் கற்றவரே பின்னாளில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர். வடபுலத்திலிருந்து வந்த புலவர் ஒருவர் அவ்வவையில் வாதுக்கு அழைத்தபோது கடிகைமுத்துப் புலவர் உள்ளங் கலங்கினார் என்றும், அதனைக் கண்ட மாணவர், வயது பதினாறே ஆன நிலையில், ஆசிரியருக்காகத் தாமே அவையேறி வென்றார் என்றும் அம்மரபு கூறும். இதனை உமறுவின் வெற்றியாகவே நாம் வழக்கமாகப் படிக்கிறோம். சற்று நின்று அந்த ஆசிரியரையும் பார்த்தல் வேண்டும். அரசவையில் நெடுங்காலம் இருந்த புலவர் அவைக்கு அஞ்சினார். அவ்வச்சத்தைக் கொண்டு அவருக்குப் புலமை இல்லையென எவரும் கூறவில்லை. மாணவரும் அவரை இகழவில்லை; அவர் நிற்க வேண்டிய இடத்தில் தாம் சென்று நின்றார். அஞ்சியவர் ஒருவர், அவருக்காக நின்றவர் ஒருவர் என இருவர் சேர்ந்தே அந்த அவையைக் கடந்தனர்.

இன்று கல்லூரிகளில் அகமதிப்பீட்டின் ஒரு பகுதியாகக் குழுவாகப் பேசுதல் இடம்பெற்றுள்ளது. நால்வரோ ஐவரோ ஒரு பொருளைப் பகுத்துக்கொண்டு வகுப்பின் முன் நின்று உரைக்கின்றனர். இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் எனக் கருதுவோர் உளர். தமிழில் அவைமுன் உரைத்தல் என்பது பெரும்பாலும் குழுவாகவே நிகழ்ந்துள்ளது என்பதையும், நாம் அக்குழுமுறையைச் செவ்வையாகக் கைக்கொள்ளாமையே அஞ்சும் மாணவரின் இடர்ப்பாட்டை மிகுவிக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சம் எவ்விடத்தது?

அவைமுன் நிற்கும்போது நெஞ்சு படபடப்பதும், நா உலர்வதும், கை நடுங்குவதும் அறியாமையின் அடையாளங்கள் அல்ல. பேரிடர் வந்ததெனக் கருதிய உடல் அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியில் கலக்கிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்கு உதவும் அவ்வேற்பாடு, ஓட இடமில்லாத வகுப்பறையில் நடுக்கமாக வெளிப்படுகிறது. முதற் சில மணித்துளிகளில் உச்சத்தை அடைந்து பின்னர்ப் பெரும்பாலும் தணிவது அதன் இயல்பு. மெல்லிய தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் பன்மடங்காகத் தெரியும். தடித்த அட்டையில் குறிப்பெழுதிக் கொண்டால் தெரியாது. சிறிய செய்திதான், எனினும் பலரைக் காத்திருக்கிறது.

இவ்வச்சம் பேசுவோர்க்குத் தோன்றும் அளவு கேட்போர்க்குத் தோன்றுவதில்லை என்பதை உளவியலார் ஆய்ந்து காட்டியுள்ளனர். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேசுவோர் தம் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை மிகையாகவே மதிப்பிடுகின்றனர் எனக் கண்டனர். அதனினும் பயனுடைய செய்தி ஒன்றும் அதில் உண்டு. இவ்வுண்மையைப் பேச்சுக்கு முன்னரே கேட்டறிந்தவர்கள், அறியாதவர்களைவிட நன்றாகப் பேசினர். ‘அஞ்சாதே’ என்று தோளில் தட்டுவதைவிட, ‘உன் அச்சம் வெளியே தெரியாது’ என்று சொல்வது மிகுதியும் உதவும் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் மாணவரிடம் இதனோடு இன்னோர் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, மேடையில் எதிர்பார்க்கப்படும் தமிழ் வேறு. காயல்பட்டினத்தில் வாப்பா, உம்மா என்று பேசி வளர்ந்த மாணவியும், தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவிலிருந்து வரும் மாணவரும், எட்டயபுரத்தைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களிலிருந்து வருவோரும் ஒருவர் சொல்லை மற்றவர் நகைப்பர் என்றே அஞ்சுகின்றனர். ழகரம் பிறழ்ந்தவுடன் வகுப்பில் எழும் ஒரு சிரிப்பொலி, மூன்றாண்டுக் காலம் ஒருவரை வாய் திறவாமல் செய்துவிடும். உமறுப் புலவரோ தம் மக்கள் வழங்கிய அரபுச் சொற்களைத் தமிழ் விருத்தத்துள் கூசாமல் அமைத்தவர். அவருடைய அடக்கத்தலம் அமைந்துள்ள மாவட்டத்தில், வீட்டுத் தமிழுக்காக ஒரு மாணவர் நாணுவது பொருந்துமா என்பதை ஆசிரியர்களே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னர் 72ஆம் அதிகாரமாக ‘அவையறிதல்’ நிற்கிறது. இவ்வைப்புமுறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அஞ்சாமை என்பது தனியே மனத்தில் வளர்க்க வேண்டிய துணிவாக அங்குக் கூறப்படவில்லை. அவையை அறிந்தபின் வருவதாக நிற்கிறது. யார் கேட்கின்றனர், அவர்கள் என்ன அறிவர், எதனை அறியார் என்பதை முன்கூட்டி ஆராய்ந்தவர்க்கு அச்சத்தின் பாதி ஆராய்ச்சியிலேயே கழிந்துவிடுகிறது. இவ்விரண்டும் அமைச்சியலில் வைக்கப்பட்டுள்ளமையும் கருதத்தக்கது. அமைச்சரும் தூதரும் தமக்காகப் பேசுவோர் அல்லர். பிறர் பொருட்டுப் பேசுவோர். தன்னை மதிப்பிடுகிறார்கள் என்னும் எண்ணம் நீங்கி, தான் ஒரு செய்தியைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம் என்னும் எண்ணம் வந்தால் நாக்கு தளர்வு பெறும்.

பவணந்தியாரின் நன்னூல் மேலும் ஒரு படி செல்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டவர்க்குப் புலமையில் கால்பங்கே வாய்க்கும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது என்பது அந்நூலின் கணக்கு. கற்று முடித்தபின் பேசுதல் என நாம் எண்ணிக் கொண்டிருக்க, பேசும்போதே கற்றலின் பாதி நிகழ்கிறது என அவர் கூறுகிறார். அஞ்சும் மாணவரை ‘நீ பேச வேண்டா, மதிப்பெண் தருகிறேன்’ என்று அமரச் செய்வது இரக்கம்போலத் தோன்றினும், நன்னூலின்படி அவருடைய பங்கில் பாதியைப் பறித்தலே ஆகும்.

அரங்கேற்றம் ஒருவர் செயலன்று

சீறாப்புராணம் உருவான வரலாற்றை மரபு கூறுமாறு நோக்குவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழிற் காப்பியமாக்க வேண்டுமென விழைந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அரபு மூலங்களிலிருந்து செய்தி வேண்டி உமறு, சதக்கத்துல்லா அப்பாவை அணுகினார். முதலில் மறுக்கப்பட்டுப் பின்னரே ஏற்கப்பட்டார். பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் உரை தந்தார். வள்ளல் மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்று அரங்கேற்றத்துக்குத் துணைநின்றார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களாக விரிந்த அந்நூலுக்குப் பின்னே செய்தி தந்தவர், பொருள் தந்தவர், அவை கூட்டியவர் எனப் பலர் நிற்கின்றனர். பாடியவர் ஒருவர், அவைக்குக் கொண்டுவந்தவர் பலர். நூல் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் எட்டாது நிற்க, பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடி அதனைத் தொடர்ந்தார்.

அரங்கேறும்போதும் அவ்வாறே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புராண அரங்கேற்றங்களை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியுள்ளார். மாணவர் செய்யுளைப் படிப்பார். ஆசிரியர் பொருள் விரிப்பார். நம் ஊர்களில் சீறாப் படிப்பு நிகழ்ந்த இடங்களிலும், ஒருவர் இசையோடு ஏட்டைப் படிக்க மற்றொருவர் விளக்கம் கூறுவதே வழக்கமாயிருந்தது. ஏடு படிப்பவருக்குத் தம் சொல்லைத் தேட வேண்டிய கவலை இல்லை. சொல் முன்னரே ஏட்டில் உள்ளது; குரலை மட்டும் அவர் தந்தாற் போதும். இவ்வாறு குரல் கொடுத்துக் கொடுத்து அவைக்குப் பழகியவரே பிற்காலத்தில் விளக்கவுரை சொல்லும் இடத்துக்கு உயர்ந்தார். அவையச்சத்துக்கு இதனினும் இயல்பான பயிற்சி இருக்க இயலாது.

காப்பியங்களின் தொடக்கத்தில் வரும் ‘அவையடக்கம்’ என்னும் உறுப்பையும் இங்கே சுட்டலாம். அவைமுன் தோன்றும் சிறுமையுணர்ச்சியை மறைக்காமல், அதற்கென ஓர் இடம் ஒதுக்கி, உவமையால் அழகுபடுத்திக் கூறிவிட்டு மேற்செல்வது அது. நம் மாணவர் ஒவ்வொருவரும் ‘தவறிருந்தால் மன்னிக்கவும்’ என்று தொடங்குவது அதன் தேய்ந்த வடிவம் போலும். ஐவர் ஐந்து முறை மன்னிப்புக் கேட்டால் அவைக்கே ஐயம் வந்துவிடும். குழுவுக்கு ஒருமுறை போதும்.

கைமாறும் இடம்

இனி, இன்றைய வகுப்பறைக்கு வருவோம். ஐவர் கொண்ட குழு ஒன்று, நுபுவ்வத்துக் காண்டத்தில் உள்ள ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தைப் பற்றி உரைக்க முன்வருகிறது எனக் கொள்வோம். வேடன் வலையில் பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி மீண்டு வருவதாக வேண்ட, அதற்காக நாயகம் (ஸல்) பிணை நிற்கும் நிகழ்ச்சி அது. குழுவினர் என்ன செய்கின்றனர்? ஒருவர் ஆசிரியர் வரலாற்றை எடுத்துக்கொள்கிறார்; ஒருவர் கதைச்சுருக்கம்; ஒருவர் இயற்கை வருணனை; ஒருவர் உவமைகள்; ஒருவர் நிறைவு. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தத்தம் பக்கத்தை மனப்பாடம் செய்து வருகின்றனர். முதலாமவர் பேசும்போது இரண்டாமவர் தம் தாளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுக்கிறார். இரண்டாமவர் முடித்தவுடன் மூன்றாமவர் எழுந்து, முன்னவர் கூறியதையே மீண்டும் கூறுகிறார். கதை மூன்று முறை சொல்லப்படுகிறது. மான் மூன்று முறை வலையில் விழுகிறது.

இது சோம்பலால் மட்டும் நேர்வதன்று. மால்கம் பிரென்னர் என்னும் ஆய்வாளர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது. பலரை அமரச் செய்து ஒருவர்பின் ஒருவராகச் சொற்களை உரக்கப் படிக்கச் செய்தார். பின்னர்க் கேட்டபோது, ஒவ்வொருவரும் தம் முறைக்குச் சற்று முன்னர்ப் படிக்கப்பட்டவற்றையே மிகக் குறைவாக நினைவு கொண்டிருந்தனர். தம் முறை நெருங்க நெருங்கச் செவி மூடிக்கொள்கிறது. அஞ்சுவோரிடம் இது எவ்வளவு மிகுதியாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே குழுவுரையின் நலிந்த இடம் எவருடைய பேச்சிலும் இல்லை. ஒருவர் பேச்சு முடிந்து மற்றவர் பேச்சுத் தொடங்கும் மூட்டுவாயில் உள்ளது. பழைய ஏடு படிப்பில் இக்குறை நேரவில்லை. செய்யுளுக்குச் செய்யுள் குரல் மாறியமையால், விளக்கம் சொல்பவர் படிப்பவரைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. நாமோ பத்து மணித்துளிப் பாளங்களாக வெட்டிக்கொள்கிறோம். காத்திருப்பு நீள்கிறது, காத்திருப்பில் அச்சம் வளர்கிறது.

இதற்குத் தீர்வும் அம்மூட்டுவாயிலேயே உள்ளது. ஒவ்வொருவரும் தம் பகுதியோடு, தமக்கு முன்னவர் கூறும் இறுதித் தொடரையும் அறிந்திருத்தல் வேண்டும். தம் முதல் தொடர் அதற்கு விடையாகவோ வினாவாகவோ அமையுமாறு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒத்திகைக்கு ஒரு மணி நேரமே உண்டெனில், முழுப் பேச்சையும் ஒப்பிக்காமல் நான்கு கைமாற்றங்களை மட்டும் பன்முறை செய்து பார்ப்பதே சிறந்தது. மிகவும் அஞ்சுபவரைக் கடைசியில் வைப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. ‘அதற்குள் பழகிவிடுவார்’ என எண்ணுகின்றனர். அவரோ நாற்பது மணித்துளிகள் நாற்காலியில் வியர்த்திருப்பார். தொடக்கத்திலேயே அவரை எழச்செய்து, படலத்திலிருந்து ஒரு செய்யுளைப் படிக்கச் செய்து அமரவிடுங்கள். தம் குரலை அவையில் ஒருமுறை தாமே கேட்டுவிட்டவர், தம் முறை வரும்போது இரண்டாம் முறை எழுபவராக எழுவார். ஏடு படித்தவருக்குக் கிடைத்த நலம் இவருக்கும் கிடைக்கும்.

பேசி முடித்தவரின் கடமை என்ன என்பது இதனினும் புறக்கணிக்கப்படுகிறது. நம் கடற்கரைக்குரிய ஓர் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தும். தூத்துக்குடிப் பகுதியில் இறுதியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961ஆம் ஆண்டில். அத்தொழிலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவர் ஒருவர். தோணியில் இருந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். கயிறு பிடிப்பவர் பார்வைக்குச் சும்மா இருப்பவர்போல் தோன்றுவார். கீழிருந்து வரும் ஓர் அசைவைத் தவறவிட்டால் இறங்கியவர் உயிர் போகும். அதனால்தான் அக்கயிற்றை நம்பத்தக்க உறவினர் கையில் கொடுத்தனர். குழுவில் பேசி முடித்தவர் தம் வேலை தீர்ந்ததென்று சன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தால், பேசுபவர் ஒரு சொல்லில் தடுக்கும்போது இழுத்தெடுப்பார் இல்லை. தடுக்கிய சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தல், பக்கத்தைத் திருப்பித் தருதல், அல்லது பேசுபவர் பார்வை வந்து தங்குமாறு தலையசைத்துக் கேட்டல், இவையெல்லாம் கயிறு பிடித்தலே.

துணை எதுவரை?

துணை வேண்டுதல் குறையெனக் கருதுவார்க்கு மூசா நபி (அலை) அவர்களின் வரலாறு விடை தரும். பிர்அவ்னின் அவைக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நெஞ்சு நெருக்குண்பதையும் நாவின் தடையையும் இறைவனிடம் அவர்கள் மறைக்கவில்லை. தம்மினும் நாவன்மை மிக்க உடன்பிறந்தாராகிய ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறு வேண்டினார்கள் என்பது திருக்குர்ஆனின் தாஹா, கஸஸ் முதலிய அத்தியாயங்களிற் காணப்படுவது. வேண்டுதல் ஏற்கப்பட்டது, இருவரும் சென்றனர். இவ்விடத்தில் பலர் கவனியாது விடும் ஒன்றுண்டு. அவையில் பிர்அவ்ன் வினவும்போது, தாஹா அத்தியாயத்தில் விடை கூறுபவர் மூசா நபியே. நாவன்மை மிக்கவர் அருகில் நின்றார். நாத்தடையை முறையிட்டவர் பேசினார். துணை என்பது மாற்றாள் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மாற்றாள் பேசிய நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. வழக்கறிஞராகப் பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் முதன்முறை எழுந்தபோது ஒரு வினாவும் கேட்க இயலாது அமர்ந்தவர் காந்தியடிகள். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையை எடுத்துரைக்கப் பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தாவின் தலைமையில் கூட்டப்பெற்ற பேரவையில், எழுதி அச்சிட்டு வந்த உரையையும் அவரால் உரக்கப் படிக்க இயலவில்லை. குரல் நடுங்கிற்று. முதலில் கேசவராவ் தேஷ்பாண்டே அவ்வுரையை வாங்கிப் படிக்க முற்பட்டார். அவையோர் வேண்ட, தின்ஷா வாச்சா படித்தார். அவை அமைதியாகக் கேட்டது. செய்தி போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 26ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தியடிகள் அவைமுன் நின்றார். தம் கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது எனத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். பம்பாயில் வாச்சா உதவியதைத் தோல்வியென்று எண்ணி அவர் சென்னைக்கு வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

பேசி முடித்தபின்

அஞ்சும் மாணவர்க்குப் பேச்சு முடிந்தபின்னரே பெருந்துன்பம் தொடங்குகிறது. இரவெல்லாம் தாம் தடுக்கிய ஓரிடத்தையே நினைந்து நினைந்து, ஐவரின் உரை முழுவதும் அவ்வோரிடத்தால் கெட்டதெனக் கருதுவர். தம் நடுக்கத்தைப் பற்றிய அவர் நினைவு மிகையானது; பிறர் பேச்சைப் பற்றிய நினைவோ, முன்னர்க் கண்டவாறு, மிகக் குறைவானது. இவ்விரண்டையும் வைத்துத் தம்மைத் தாமே தீர்ப்பிடல் தகாது. ஆதலின் மீள்நோக்கும் குழுவாகவே நிகழ்தல் வேண்டும். அன்று மாலையே ஐவரும் அமர்ந்து, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிக் கூறாமல் தமக்கு முன் பேசியவரைப் பற்றிக் கூறுவது நன்று. எப்பகுதியில் வகுப்பு நிமிர்ந்து கேட்டது, எங்கே தொடர்பு அறுந்தது, எவ்வினாவுக்கு விடை இல்லாமற் போயிற்று என எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு அது பயன்படும். தன்னைப் பற்றிய கவலையிலிருந்து நீங்கி, உரைத்த பொருளின்மேல் கருத்தைச் செலுத்த இம்முறை உதவும்.

மதிப்பிடும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். ஐவர்க்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, கைமாற்றங்களுக்கு ஒன்றும் இடாதிருந்தால், மாணவர் மீண்டும் தனித்தனிப் பாளங்களாகவே வருவர். மூட்டுவாய்க்கும் மதிப்பெண் உண்டென முன்கூட்டி அறிவித்தல் வேண்டும். வினாநேரத்திலும் ஒரு வழக்கம் மாறுதல் நலம். உவமை பேசியவரிடமே உவமையைப் பற்றிக் கேட்கிறோம். அடுத்திருப்பவரிடம் கேட்டால் என்ன? அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது தெரியும். உவமை பேசிய மாணவிக்கோ, தாம் நடுங்கிக்கொண்டே சொன்ன ஒன்றைத் தோழி தன் சொல்லில் எடுத்துரைப்பதைக் கேட்கும் வாய்ப்பும் கிட்டும்.